லீஸுக்கா, வாடகைக்கா?



தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரத்தில் வீட்டை வாடகைக்கு விடப் போகும் எவரிடமும் தரகர் முதலில் கேட்பது, “லீஸுக்கா, வாடகைக்கா?” என்பதுதான். தென் மாவட்டங்களில் ஒத்தி என்றும், சென்னையில் போக்கியம் அல்லது லீஸ் என்றும் வழங்கும் இந்த ஏற்பாடு வாசகர்கள் பலருக்கும் பழக்கமானதே. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுப்பார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகை ஏதும் தராமல் குடியிருப்பார். காலி செய்யும் நாளில் கொடுத்த தொகையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்வார். நம் சமுதாயத்திலும் வீடு கொடுப்பவர்கள், வீடு எடுப்பவர்கள் என இரு தரப்பாரும் இதைத் தயக்கமின்றிச் செய்து வருகிறார்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் சென்ற ஆண்டு அந்தக் கேள்வி வந்தது. சேலையூரில் முதல் மாடியில் உள்ள இரண்டு படுக்கையறை வீடு அது. ரயில்வேயில் பணியாற்றிய அத்தா ஓய்வுக்குப் பின் வருங்கால வைப்பு நிதிப் பணத்தில் வாங்கியது. அவர்கள் மவுத்தான பிறகு அம்மா குரோம்பேட்டையில் என்னுடன் வந்துவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணன் ஷார்ஜாவில், தம்பி திருச்சியில். அருகில் இருப்பவள் நான் என்பதால் சாவி என்னிடம் வந்தது.

பங்கில் எங்களுக்குள் குழப்பம் இல்லை. அம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு பாகம், எனக்கு ஒரு பாகம். மாத வாடகை 16,000 ரூபாய் என்று வைத்தால் அம்மாவுக்கு 2,000, அண்ணனுக்கும் தம்பிக்கும் தலா 5,600, எனக்கு 2,800. பெண்மக்களின் பங்கை ‘அது கிடக்கட்டும்’ என்று அண்ணன் தம்பிகளே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மில் குறைவில்லை. எங்கள் வீட்டில் அண்ணனே முதல் ஆளாகக் கணக்குப் போட்டு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பக்கம் வீட்டுக்குக் கிராக்கி கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார் தரகர். “மேடம், லீஸுன்னா இன்னைக்கே பார்ட்டி ரெடி. ஒன்பது லட்சம், மூணு வருஷம். மாசாமாசம் வாடகை கேட்டு நிக்கிற தொல்லை இல்லை” என்றார். வந்தவர்களும் நல்ல குடும்பமாகவே தெரிந்தார்கள். தம்பிக்கு அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். அவன் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துக் கட்டணத்துக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். “அக்கா, என் பங்கு மூணு லட்சத்துப் பதினஞ்சாயிரம் வருது. நகையை வைக்காம முடிஞ்சிரும். அல்லாஹ் காட்டின வழி இது” என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் விளக்கம் கேட்டோம். அவர் சுற்றி வளைக்கவில்லை. “இந்த ஒன்பது லட்சத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா?” என்று கேட்டார். ஆம் என்றோம். “அப்படியானால் அது கடன். கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காக உங்கள் வீட்டில் இலவசமாகக் குடியிருக்கிறார். கடனின் மேல் நிபந்தனையிட்டுப் பெறும் ஆதாயத்துக்கு என்ன பெயர்?” அடமானப் பொருள் உரிமையாளருடையது, அதன் பலனும் அவருக்கே உரியது என்பதையும் எடுத்துச் சொன்னார். பெயருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்ளலாமா என்று தம்பி கேட்டான். முன்தொகையைக் காரணமாக வைத்து வாடகையைக் குறைத்தால் குறைத்த பகுதியும் அதே ஆதாயம்தான் என்றார் ஹஜ்ரத்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். 16,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை விட்டுக்கொடுப்பது ஆண்டுக்கு 1,92,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதாகும். ஒன்பது லட்சம் கடனுக்கு அது நூற்றுக்கு இருபத்தொன்றுக்கும் மேல். வங்கியில் தனிநபர் கடன் வாங்கவே அஞ்சும் நாம், அதைவிடக் கனத்த வட்டியை வீட்டின் வடிவில் கட்டிக்கொண்டு, ‘வாடகைத் தொல்லை இல்லை’ என்று ஆறுதல் கொள்கிறோம். வாங்குபவர் மட்டுமே வட்டிக்குப் பொறுப்பு, கொடுப்பவர் அப்பாவி என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ படிந்துவிட்டது. மார்க்கம் இருவரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது.

திருப்பிக் கொடுப்பது அடுத்த சிக்கல். லீஸ் தொகையை வாங்கியவர் எவரும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பழைய குடியினர் கிளம்பும்போது புதிய குடியினரிடம் வாங்கி அவருக்குக் கொடுப்பார்கள். அடுத்த ஆள் வரும்வரைதான் அந்தச் சங்கிலி நிற்கும். தென் கொரியாவில் ‘ஜோன்ஸே’ என்று இதே முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. அங்கே வீட்டு விலையும் முன்தொகையும் சரிந்தபோது, குடியிருந்தவர்களுக்குப் பணம் திருப்பித் தர முடியாமல் வீட்டுக்காரர்கள் கைவிரித்தார்கள். மோசடிகளும் வெளிப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்காக 2023 மே மாதத்தில் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம் பக்கத்திலோ பெரும்பாலும் முத்திரைத்தாளில் இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான், பதிவும் கிடையாது. வாரிசுச் சொத்தாக இருந்தால் இன்னும் கடினம். நால்வர் பிரித்துச் செலவழித்த தொகையை மூன்றாண்டு கழித்து நால்வரும் ஒரே நாளில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அம்மா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபத்து நான்கு வயது. “எனக்கு ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம் வருதுன்னு சொல்றீங்க. அந்தக் கடனோட என்னைக் கப்ருக்கு அனுப்பப் போறீங்களா?” என்றார்கள். தம்பி அதன் பிறகு லீஸ் பேச்சை எடுக்கவில்லை.

வாடகைக்கு என்று முடிவானதும் தரகரின் உற்சாகம் பாதியாகிவிட்டது. “உங்க ஆளுங்களுக்கு மட்டும்தானே?” என்று கேட்டார். பெயரைக் கேட்டதும் “வீடு முடிஞ்சிருச்சு” என்ற பதிலைச் சென்னையில் கேட்காத முஸ்லிம் குடும்பம் அரிது. அதற்குப் பழி தீர்ப்பதுபோல நாமும் கதவில் அதே பலகையை மாட்டுவதா? எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் அத்தாவுக்கு வீடு கொடுத்தவர் பட்டை பட்டையாகத் திருநீறு அணியும் ஒரு பள்ளி ஆசிரியர். யாராக இருந்தாலும் வரட்டும். வீட்டில் மது கூடாது, வாடகை தேதி தவறக் கூடாது என்ற இரண்டை மட்டும் சொன்னோம்.

ஒரு மாதத்தில் பதினொரு குடும்பங்கள் பார்த்துச் சென்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதிலிருந்து, இந்தப் பகுதியில் வீடு பார்க்க வருபவர்கள் சமையலறைக்கு முன் தெருவைத்தான் பார்க்கிறார்கள். உள்ளதை உள்ளபடியே சொன்னோம். பெருமழையில் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும், வண்டிகளை மேட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கோடையில் ஆழ்துளைக் கிணற்றின் நீர் உவர்க்கும், லாரித் தண்ணீர்ச் செலவைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டுவிட்டு இரண்டு குடும்பங்கள் திரும்பிவிட்டன. “இதெல்லாம் ஏன் மேடம் சொல்றீங்க?” என்று தரகர் கடிந்துகொண்டார். விற்கும் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது வாடகை வீட்டுக்குப் பொருந்தாது என்று அவர் நினைத்திருக்கலாம்.

பன்னிரண்டாவதாக வந்தவர்கள் ஒரு கிறிஸ்தவத் தம்பதியர். மனைவி, சானடோரியத்தில் 1928 முதல் இருந்துவரும் நெஞ்சக நோய் மருத்துவமனையில் செவிலியர். கணவருக்கு மெப்ஸ் வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். முந்தைய வீட்டுக்காரரின் எண்ணைக் கேட்டதும் தயங்காமல் கொடுத்தார்கள். நான் பேசினேன். ஆறு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை என்றார் அவர். அடுக்ககச் சங்கத்தின் பராமரிப்புத் தொகை எவ்வளவு, யார் கட்டுவது என்று அந்தப் பெண் தாமாகவே கேட்டதும் எனக்குப் பிடித்திருந்தது.

முன்பணமாகப் பத்து மாத வாடகை வாங்குவது சென்னையின் நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நிலுவை போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். நாங்கள் மூன்று மாதத்துக்கு 48,000 ரூபாய் மட்டும் வாங்கினோம். அதை யாரும் பங்கிடவில்லை. அம்மா பெயரில் தனிக் கணக்கில் கிடக்கிறது, ஏனெனில் அது அமானிதம். அந்தக் கணக்கில் வங்கி சேர்க்கும் வட்டியை, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட ஹஜ்ரத் சொன்னார்.

தம்பியின் கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. அண்ணன் முதல் தவணையைக் கடனாக அனுப்பினார். வாடகையில் அண்ணனும் நானும் எங்கள் பங்கை ஓராண்டுக்குத் தம்பிக்கே கர்ழுன் ஹசனாவாக விடுவதென்று பேசினோம். அம்மா, வெள்ளிக்கிழமை சதக்காவுக்கு 500 ரூபாய் போதும், மீதி 1,500 ரூபாயையும் அவனுக்கே கொடுங்கள் என்றார்கள். ஆக மாதம் 9,900; ஆண்டுக்கு 1,18,800 ரூபாய். அவனுடைய சொந்தப் பங்கையும் சேர்த்தால் இரண்டாம் தவணைக்குப் போதும்.

“நமக்குள்ள எதுக்கு எழுத்து?” என்று தம்பி கூச்சப்பட்டான். குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான் என்று அண்ணன் ஷார்ஜாவிலிருந்து நினைவூட்டினார். தொகை, தவணை, நான்காண்டு கெடு எல்லாவற்றையும் எழுதினோம். இரு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஒரு பிரதி வாடகை ஒப்பந்தத்தோடு அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. இன்னொன்றைத் தம்பி எடுத்துப் போனான்.