பெட்டியை எங்க ஒளிக்கிறது?

பெட்டியை மதகுக்குக் கீழே வைத்துவிட்டு நாங்கள் வடை வாங்கப் போனோம். திரும்பி வர முக்கால் மணித்தியாலம்கூட ஆகேல்ல. ஒழுங்கையின் குறுக்கே ஒரு சைக்கிள். பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஐயா. ரியூஷன் முடிந்து வந்த நாலைந்து பிள்ளைகளை அந்தப் பக்கத்திலேயே மறித்து வைத்திருந்தார்.

"மதகுக்குக் கீழ கறுப்பா ஒரு சாமான் கிடக்கு. ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது. விதானையாருக்குச் சொல்லியாச்சு" என்றார்.

நாங்கள் ஆளையாள் பார்த்தோம். அந்தச் சாமான் எங்கட பிஸ்கட் ரின். மழைத்தண்ணி உள்ளே போகக்கூடாதெண்டு கறுப்பு ரேப்பால் சுற்றினதும் நாங்கள்தான். உள்ளே ஒரு சின்னக் கொப்பி, ஒரு பென்சில், நாலு மாபிள், அடுத்த இடத்துக்கான துப்பு எழுதின ஒரு துண்டு. "ஐயா, அது எங்கடதான், விளையாட்டுக்கு வைச்சது" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. நம்பின பிறகு ஏசினார். ஏச்சு ஒண்டும் பெரிசில்லை. ஏசி முடிந்து சைக்கிள் ஹான்டிலைப் பிடிக்கும்போது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் எல்லாரும் கண்டோம், ஒருவரும் கதைக்கவில்லை.

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு பெட்டியை வெளியில் எங்கேயாவது ஒளித்து, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கைக் கொடுப்பார். மற்றவர்கள் போனில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தேடிப்போய், உள்ளே இருக்கிற கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த மாதிரியே திரும்ப வைக்கவேண்டும். உள்ளே இருக்கிற சின்னச் சாமான் ஏதும் எடுத்தால் அதே பெறுமதிக்கு வேறொன்று வைக்கவேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. அடுத்த நாளே, மே 3, டேவ் அல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைக் காட்டுக்குள் வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். அரைவாசி மண்ணுக்குள் புதைத்த வாளி. உள்ளே அவரைக்காய் ரின் ஒன்றும் இருந்தது. இன்றைய விதிகளின்படி மண்ணைக் கிண்டிப் புதைக்கிறதும் பிழை, சாப்பாடு வைக்கிறதும் பிழை. விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் இப்ப அந்த வாளியைப் பதியக் கேட்டால் கிடைக்காது.

எங்கட கூட்டில் இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறையிலிருந்து மணற்காடு வரைக்கும் இப்படி ஒரு தேடல் வைப்போம் என்பதுதான் திட்டம். இணையத்தில் தேடினால் ஒளிக்கிற வழிகள் கொட்டிக் கிடக்குது. உள்ளே கோறையான போலிக் கல், போலி ஆணித்தலை, பட்டுப்போன கட்டைக்குள் செருகின குழாய், மரப்பொந்துக்குள் பாசி நிறத்தில் ஒரு டப்பி. எல்லாவற்றிலும் கெட்டித்தனம் ஒன்றுதான்: சாமானைச் சாமான் மாதிரித் தெரியாமல் பண்ணுறது. பார்க்க நல்ல ஆசையாக இருந்தது. மதகுச் சம்பவத்துக்குப் பிறகுதான் அந்தக் கெட்டித்தனம் எங்கட மண்ணில் என்ன அர்த்தம் எடுக்கும் என்று யோசித்தோம்.

எங்களில் பலருக்குச் சின்ன வகுப்பில் ரீச்சர் காட்டின படங்கள் இன்னும் நினைவிருக்குது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. தெரியாத சாமானைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியாலேயே திரும்பிப் போய்ப் பெரியாக்களுக்குச் சொல்லு. முகமாலைப் பக்கம் மிதிவெடி எடுக்கிற ஆட்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டுறதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த விளையாட்டோ பொந்துக்குள் கை விடு, கல்லைப் பிரட்டிப் பார், விசித்திரமான டப்பியைத் திற என்று பழக்குது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த விடுமுறைக்கு அது பளை, நாகர்கோவில் பக்கம் மாமி வீட்டுக்குப் போனால்?

இது எங்கட ஊருக்கு மட்டும் உள்ள பயமில்லை. 2011இல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சின்னப் பட்டணத்தில், ஒருவர் தெருவோரம் சின்னப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனதைக் கண்டவர்கள் பொலிசுக்குச் சொல்ல, குண்டு செயலிழக்கச் செய்கிற பிரிவு வந்து அதை வெடிக்க வைத்தது. அதுவும் ஜியோகேச் பெட்டிதான். வெதர்பியிலேயே அப்படியென்றால், 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பள்ளிக்கூட வாசலில் புத்தகப்பையைக் கொட்டிக் காட்டின பிள்ளைகளின் ஊரில் எப்படி?

விட்டுவிடுவமோ என்றும் கதைத்தோம். இரண்டு பேர் விடச் சொன்னார்கள். கடைசியில் திட்டத்தையே தலைகீழாக்கினோம். சாமானை ஒளிக்கிறதில்லை. சாமான் பட்டப்பகலில் எல்லாரும் காண இருக்கட்டும், எங்கே இருக்கு என்கிற கதையை மட்டும் ஒளிப்போம். உள்ளே இருக்கிறது முழுக்கத் தெரிகிற போத்தல். மேலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "இது விளையாட்டுப் பெட்டி", போன் நம்பர், எத்தனை மணிக்கு எடுத்துவிடுவோம் என்ற நேரம். ரேப் இல்லை, வயர் இல்லை, இரும்பு இல்லை. ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு காவல்காரர், அதாவது அந்த வளவின் அல்லது கடையின் ஆள். பாதையை விட்டு ஒரு அடி இறங்கவேண்டிய துப்பு ஒன்றுகூட இல்லை.

எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருக்க, எங்களில் ஒருவருடைய அம்மா வந்து ஒரு கேள்வி கேட்டா. பூவரசில் கட்டித் தொங்கவிட நாங்கள் வடிவாகக் கழுவித் துடைத்துக் கவிதை எழுதின சிரட்டைகள் மேசையில் இருந்தன. "இதுக்குள்ள மழை பெஞ்சா?" டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற அளவுக்கு வளர ஒரு கிழமை, பத்து நாள் காணும். ஒரு சிரட்டைத் தண்ணியும் காணும். எத்தனை தரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவில் சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்லியிருப்பார்! நாங்களோ கயிறு கட்டித் தொங்கவிடப் போனோம். சிரட்டைகள் அடுப்புக்குப் போயின, கவிதையோடயே.

அதுக்குப் பதிலாகப் பனையோலைக் குட்டான்கள். மழை பெய்தால் நனையும், தண்ணி நிக்காது. தவறிப்போனாலும் மண்ணோடு மண்ணாகும். மரத்தில் ஆணி அடிக்கவில்லை, தும்புக் கயிற்றைத் தளர்வாகக் கட்டினோம். பேனையும் வைக்கக்கூடாது, ஈரம் பட்டால் மை கரையும். பென்சில்தான்.

துப்பு எழுதுகிற வேலைதான் உண்மையில் சந்தோசமானது. போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீற்றர் அளவுக்குக் கிட்டவாகக் காட்டும். மரத்துக்குக் கீழேயும் மதிலுக்குப் பக்கத்திலும் இன்னும் தடுமாறும். அந்தக் கடைசிச் சில மீற்றரைத் துப்புதான் கடத்தவேண்டும். துப்பு பிசகினால் பிள்ளைகள் கண்ட இடமெல்லாம் கை விடுவார்கள், கொடியைப் பிடுங்குவார்கள், கல்லைப் பிரட்டுவார்கள். கல்லுக்குக் கீழே எங்கட ஊரில் தேளோ விரியனோ இருக்கும். அதனால் துப்பு கஷ்டமாக இருக்கலாம், குழப்பமாக இருக்கக்கூடாது. இடத்தைக் கண்டுபிடிக்க மூளை வேர்க்கட்டும், இடத்துக்கு வந்தபிறகு ஒரு கேள்வியும் இருக்கக்கூடாது.

ஆச்சிமார் சொல்கிற நொடிதான் எங்களுக்கு வாய்ப்பான வடிவம். தெருமூடி மடத்துக்கு இப்படி எழுதினோம்: "தெரு என்ர வயித்துக்குள்ளால போகுது, ஆனா நான் ஒருத்தரையும் விழுங்கேல்ல." தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்து இளைப்பாறக் கல்லால் கட்டின மடம் அது. கல் இடுக்குக்குள் துண்டைச் செருகலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. அவ்வளவு காலமாக நிற்கிற கட்டடத்தில் எங்கட ஒரு நாள் விளையாட்டுக்கு எதைச் செருகிறது? ஒன்றும் வைக்கவில்லை. தூண்களை எண்ணினால் வருகிற இலக்கம்தான் அடுத்த பூட்டின் திறப்பு. பிள்ளைகள் வந்து, எண்ணி, சண்டை பிடித்து, திரும்ப எண்ணினார்கள். ஒரு தங்கச்சி தூணைக் கையால் தடவித் தடவி எண்ணினாள்.

வடைக் கடைக்கு: "சில்லு மாதிரி இருப்பன், உருளமாட்டன். கடிச்சா ஊருக்கே கேக்கும்." தட்டைவடை என்று தெரியாத பிள்ளை பருத்தித்துறையில் இல்லை. அங்கே போத்தல் அன்ரியின் தட்டில், இனிப்புப் போத்தல்களுக்கு நடுவில், எல்லாருக்கும் தெரிய இருந்தது. ஆனால் தூண்களின் எண்ணிக்கையைச் சொன்னால்தான் தருவா. பிழையாகச் சொன்னால் வடை வாங்கவேண்டும் என்பது அவவாகவே சேர்த்த விதி. அண்டைக்கு வியாபாரம் நல்லம் என்று கேள்வி.

மணற்காட்டில்தான் பிசகினது, பிழை எங்கட கெட்டித்தனத்தில். ஜியோகேச்சிங்கில் குறிப்புகளை ஆங்கில எழுத்துக்கள் பதின்மூன்றைத் தள்ளி மறைத்து எழுதுகிற வழக்கம் இருக்கு. தமிழுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து வல்லினத்தையும் மெல்லினத்தையும் சோடி மாற்றினோம்: க என்றால் ங, ச என்றால் ஞ, ட என்றால் ண, த என்றால் ந, ப என்றால் ம, ற என்றால் ன. மற்ற எழுத்துக்கள் அப்படியே. கடைசிப் போத்தல் ஒரு பெரியம்மா வீட்டுப் படலையில் தொங்கினது. ஆகவே குறிப்பு ஒற்றைச் சொல்: படலை. மாற்றி எழுதினால் "மணலை". நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

மணல் மூடின பழைய தேவாலயத்தடியில் ("மணியும் இல்லை, கூரையும் இல்லை, மணல் மட்டும் தவறாமல் பூசைக்கு வருது") குறிப்பை எடுத்த ஒரு அணி, அது ஏற்கனவே நல்ல தமிழாக இருக்கு என்று நினைத்துவிட்டது. மணலை என்ன செய்யச் சொல்லுது? கிண்டச் சொல்லுது. நாங்கள் போய்ப் பார்க்கும்போது மூன்று பேர் மணல்மேட்டில் அடம்பன் கொடியை விலக்கிவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கிண்டாதேங்கோ!"

கத்தினது எங்களில் ஒருத்தி, நாகர்கோவில் பக்கத்தவள். அந்த மேட்டில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் முன்னம் எங்களோடு அதில் நடந்தவள். ஆனாலும் அந்தக் குரல் அவளைக் கேட்டு வரவில்லை. பிள்ளைகள் அப்படியே உறைந்துபோய் நின்றார்கள். பிறகு அவளே போய் இருந்து, ஒவ்வொருவரின் கையிலும் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "துப்பு ஒருநாளும் மண்ணுக்குள்ள இராது, சரியோ?" என்றாள். இதைத் தொடங்கும்போதே நாங்கள் சொல்லியிருக்கவேண்டும். அடம்பனும் இராவணன் மீசையும் வேரால் பிடித்து வைத்திருக்கிறதால்தான் அந்த மேடு கடற்காற்றுக்கு நிற்குது என்பதையும்.

பின்னேரம் ஒன்பது போத்தல் வைத்ததில் ஒன்பதையும் எண்ணி எடுத்தோம். ஒரு குட்டானைக் காணவில்லை, ஆடு தின்றிருக்கும். நிரந்தரமாக ஒரு பெட்டி வைக்கவேண்டும் என்ற ஆசை எங்களுக்குள் இன்னும் இருக்குது. வைத்தால் மாதத்துக்கு ஒருக்கால் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அதற்கு இன்னும் ஒருவரும் கை தூக்கவில்லை.

மதகடி ஐயாவைக் காவல்காரராக இருக்கச் சொல்லி முதல் கிழமை போய்க் கேட்டோம். மாட்டேன் என்றார். விதானையாருக்கும் தனக்கும் என்ன, எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதித் தந்தால் காணும் என்றார். எழுதிக் கொடுத்தோம். ஆனால் அண்டைக்குக் காலமை ஏழு மணிக்கே சைக்கிளைச் சாத்திவிட்டு மதகுக் கட்டில் இருந்தார். போகிற அணி ஒவ்வொன்றையும் மறித்து, தன்னுடைய நொடி ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் விட்டார்: "மேல போறவன் பார்க்கமாட்டான், கீழ போறவன் நிக்கமாட்டான். நான் ஆர்?"

எங்கட பட்டியலில் அப்படி ஒரு துப்பு இல்லை. பிள்ளைகள் அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து, சந்தி வரைக்கும் போய், அங்கே நின்று தலையைச் சொறிந்து, திரும்பி ஓடி வந்து அவருக்கு விடை சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் சந்தி வரைக்கும் போய்த்தான் திரும்பினோம்.