இரண்டு கல்லாறுகள்

நிறுவனத்தின் மேலாளர் மாநாடு இவ்வாண்டு குன்னூரில். தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி (1893இல் தோன்றியது) தலைமையகம் கொண்ட ஊர். தேயிலைக் கணக்குப் பேச வேறிடம் எதற்கு?

இரண்டு நாளும் ‘தொழிலாளர் செலவு’ என்ற சொல்லே திரையில் நின்றது. கொழுந்து பறிக்கும் கைகளுக்குப் பதிலாக அறுவடை எந்திரம் என்றார்கள். அவரும் குறித்துக்கொண்டார். தம் தாய் முப்பதாண்டுகள் கூடை சுமந்தவர் என்பதை அங்கே எவரிடமும் சொன்னதில்லை.

திரும்புகையில் மலைரயிலின் பற்சக்கரப் பாதை முடியும் இடம் கல்லாறு. அவர் வீடும் கல்லாற்றில்தான்; அது வேறு கல்லாறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா கடந்து, பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகளின் அடிவாரத்தில், உருண்டைக் கற்களினூடே ஆறு ஓடும் ஊர்.

மறுநாள் இருட்டிய பின்பே வீடு சேர்ந்தார். மகள் பையைத் துழாவினாள். தாய் மட்டும் கேட்டார்:

“எங்க கூலியப் பத்தி வல்லதும் பேசினாங்களா மக்களே?”

“பேசினாங்கம்மா.”

எப்படிப் பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை. மாநாட்டில் கொடுத்த தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, விரலால் விலக்கிப் பார்த்தார்.

“முத்தின இலையும் தண்டும் கெடக்கு. இது கை பறிச்சதில்ல.”