குவேனியின் குளக்கரை: அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு கடிதம்

அக்கரப்பத்தனை

அன்புள்ள நண்பருக்கு,

தலவாக்கலையிலிருந்து மேலே ஏறி வரும் வழியெல்லாம் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள்: ஹோல்புறூக், வேவர்லி, டொரிங்டன், எல்பியன். வேவர்லி என்பது வோல்டர் ஸ்கொட்டின் நாவலுக்கும் பெயர். எல்பியன், பழைய கிரேக்க, ரோம நூலாசிரியர்கள் பிரித்தானியத் தீவுக்கு வழங்கிய பெயர். துரைமார் தாங்கள் படித்ததைத் தேயிலை மலைகளின் தலையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். படித்தவன் எழுதுகிறான், அதே நூலைப் படித்தவன் புரிந்துகொள்கிறான். இலக்கியக் குறிப்பு என்றால் இதுதான். ஆனால் ஒரு கதை கடல் தாண்டி வந்து, பிறந்த ஊரை மறந்து, வேறொரு நூலில் குடியேறினால் அதையும் அப்படிச் சொல்லலாமா? மகாவம்சத்தில் வரும் குவேனி கதை ஹோமரிடமிருந்து எடுத்ததா என்ற உங்கள் கேள்விக்கு இந்த வேறுபாட்டில்தான் பதில் இருக்கிறது.

முதல் வகைக்கு ஜோர்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 12ஆம் நூற்றாண்டில் தாவீது மன்னனின் வரலாற்றை எழுதியவர் ஹோமரைப் பெயர் சொல்லியே அழைக்கிறார். அக்கிலீஸ், ஹெக்டர் முதலானோரும் அவர் ஏட்டில் வருகிறார்கள். இதில் வியப்பில்லை. பைசாந்தியம் பக்கத்து வீடு. 1106இல் அதே மன்னன் நிறுவிய கெலாத்தி மடம் கிரேக்கக் கல்விக்குப் பேர்போனது. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் ஹோமர் தெரிந்த பெயர். அனுராதபுரத்தில் இருந்து மகாவம்சத்தைப் பாளியில் எழுதிய மகாநாம தேரரோ ஹோமரின் பெயரை எங்குமே சொல்லவில்லை. கிரேக்கரை அவர் அறியாதவரல்லர். பண்டுகாபய மன்னன் நகரின் மேற்கு வாயிலருகே யோனருக்கு, அதாவது கிரேக்கருக்கு, இடம் ஒதுக்கினான் என்கிறார். மகாதூபிக்கு அடித்தளமிட்ட விழாவுக்கு அலசந்தா நகரிலிருந்து யோன தேரர் ஒருவர் 30,000 பிக்குகளோடு வந்தார் என்கிறார். எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. கிரேக்கர் அவருக்கு மக்களாகத் தெரிந்தார்கள், நூல்களாக அல்ல என்பதைக் கவனித்தால் போதும்.

இனிக் கதைக்கு வருவோம். விஜயனும் எழுநூறு பேரும் இலங்கையில் கரையிறங்குகிறார்கள். தவசி வேடத்தில் வந்த தெய்வம் அவர்கள் கைகளில் காப்பு நூல் கட்டிவிட்டு மறைகிறது. ஒரு நாய் கண்ணில் படுகிறது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒருவன் பின்னால் போகிறான். லயத்துப் பிள்ளையும் அப்படித்தான் நினைக்கும். நாயோ ஓர் இயக்கி. குளக்கரை மரத்தடியில் குவேனி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவனை அவள் பிடித்துக்கொள்கிறாள். காப்பு நூல் இருப்பதால் தின்ன முடியவில்லை, பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். ஒருவர் பின் ஒருவராக எழுநூறு பேரும் அகப்படுகிறார்கள். தேடி வந்த விஜயன் குளத்தில் இறங்கிய அடிச்சுவடுகளைப் பார்க்கிறான், ஏறிய சுவடு ஒன்றுகூட இல்லை. அவள் கூந்தலைப் பற்றி வாளை ஓங்குகிறான். அவள் கெஞ்சுகிறாள், சத்தியம் செய்கிறாள், ஆட்களை விடுவிக்கிறாள், சோற்றுக்கு வழி காட்டுகிறாள், பிறகு பதினாறு வயதுக் கன்னியாகி அவனோடு கூடுகிறாள். ஹோமரின் ஒடிசியில், பத்தாம் பாடலில், சூனியக்காரி கிர்க்கி தறியில் நெய்கிறாள். அவள் வாசலில் மிருகங்கள் நிற்கின்றன. தெய்வம் தந்த மூலிகை ஒடிசியஸைக் காக்கிறது. வாள், சத்தியம், படுக்கை, ஆட்களின் விடுதலை என்று கதை நடக்கிறது. படுக்கை மட்டும் இடம் மாறியிருக்கிறது.

இந்த ஒற்றுமையை முதலில் பேசியவர்கள் 19ஆம் நூற்றாண்டு பிரித்தானிய அதிகாரிகள்; 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை நூலிலும் அது உண்டு. கிரேக்கம் படித்து வளர்ந்தவர்களுக்குக் கண்டதெல்லாம் கிரேக்கமாகத் தெரிந்திருக்கும் என்று சந்தேகிப்பது நியாயம். ஆனால் பார்த்தவன் யார் என்பதால் பார்த்த பொருள் பொய்யாகிவிடாது. இதைவிடக் கனமான மறுப்பு ஜாதகக் கதைகளிலிருந்து வருகிறது. நளபான ஜாதகத்தில் குரங்குத் தலைவன் குளக்கரையில் பார்ப்பதும் இதே சுவடுகளைத்தான், இறங்கியவை உண்டு, ஏறியவை இல்லை. குளத்து அரக்கனிடம் உடன்பிறந்தார் ஒவ்வொருவராகச் சிக்குவது தேவதம்ம ஜாதகத்தில் வருகிறது. மகாபாரதத்தின் யட்சன் குளமும் நமக்குத் தெரிந்ததே. ஆகவே குளம் இந்தியக் குளம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நூற்கும் பெண்ணும், தெய்வக் காப்பும், ஓங்கிய வாளும், வாங்கிய சத்தியமும், பிறகு வரும் கூடலும் அந்த ஜாதகங்களில் இல்லை. இவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகப் பொருந்தலாம். ஐந்தும் ஒரே கதையில், ஏறக்குறைய ஒரே வரிசையில் பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சம் விஜயனைச் சொல்கிறது, குவேனியைச் சொல்லவில்லை. ஏடேறிய காலத்தில் இரண்டுக்கும் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இராது. அதே காலத்து ரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. தொடர்போ அதைவிடப் பழையது. குளோடியஸ் பேரரசன் காலத்திலேயே இலங்கைத் தூதர்கள் ரோம் போனதைப் பிளினி எழுதியிருக்கிறார். காசு வந்த கப்பலில் கதையும் வந்திருக்கும். துறைமுகத்தில் வாய்வழி கேட்ட மாலுமிக் கதை உள்ளூர்க் குளத்துக் கதையோடு ஒட்டிக்கொண்டது, தேரர் கையில் கிடைத்தபோது அது உள்ளூர்க் கதையாகவே இருந்தது. என் முடிவு இதுதான். இதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஆனால் நூலைப் பார்த்து எழுதினார் என்பதைவிடவும், தானாக முளைத்தது என்பதைவிடவும் இது தகவல்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

தேரர் அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஹோமருக்கு முற்றிலும் எதிர்ப்புறம். கிர்க்கி வழி சொல்லி அனுப்பிவைக்கிறாள், ஒடிசியஸ் மனைவியிடம் திரும்புகிறான். விஜயனோ முடிசூட அரசகுலப் பெண் வேண்டுமென்று குவேனியை விரட்டுகிறான், அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். மதுரையிலிருந்து பாண்டியன் மகளும், பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் மாதோட்டத்தில் வந்திறங்குகிறார்கள். கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் இறங்கி மாத்தளைக்கு நடக்கத் தொடங்கியதும் அதே மன்னார்க் கரைதான். தாய் கொல்லப்பட, குவேனியின் பிள்ளைகள் சுமணகூடத்துக்கு, அதாவது இங்கிருந்து மேற்கே உள்ள சிவனொளிபாதமலைக்கு ஓடிப்போய் மலைநாட்டிலேயே பெருகினார்கள் என்கிறது நூல். விஜயனின் அரசுரிமையைத் துப்புரவாக்க எழுதிய பகுதி இது. கிரேக்கப் பெருமைக்கு இதில் இடமில்லை; ஹோமரைக் காட்டி இதை வெறும் நகல் என்று ஒதுக்கவும் முடியாது.

தீபவம்சத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தையும் மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். படித்த பிறகும் நகல்தான் என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்