ஒரு கல்லுக்கு ஒருத்தன்

மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனையை நெருங்கும் இடத்தில், ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் உண்டு. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் அதற்குள் நுழைந்துதான் போகின்றன. வைகாசி பாதி தாண்டினால் அரபிக்கடல் காற்றுக்கும் அதுவே வழி. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மேலாக அகன்று வரும் காற்று, மலைகள் இருபுறமும் நெருக்கும் அந்த இடத்தில் ஒடுங்கும். ஒடுங்க ஒடுங்க வேகம் பிடிக்கும். தோவாளையில் தூறல் விழுந்துகொண்டிருக்க, கொஞ்சம் கிழக்கே முப்பந்தலில் மண் காய்ந்து கிடக்கும். மழையை மலை வாங்கிக்கொள்ள, காற்று மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். 1992 கோடையில் முப்பந்தலில் காற்றாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. தூரத்தில் அவற்றின் இறக்கைகள் சுற்றுவது தெரிந்தாலே, திரும்பி வரும்போது என்ன பாடு காத்திருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊர் வாசகசாலையை ஒட்டி ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. கபடி அணியும் கைப்பந்து அணியும் ஏற்கெனவே உண்டு. சைக்கிள் அணி அந்தக் கோடையில் சேர்ந்தது. அதைச் சேர்த்தவர் பூக்கார அண்ணன்.

அவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். விடியுமுன்னே தோவாளைச் சந்தைக்குப் போய்ப் பிச்சியும் அரளியும் எடுத்து, சாக்கில் கட்டிக் கேரியரில் வைத்து வடசேரிக் கடைகளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். தோவாளையிலிருந்து வடசேரி என்றால் முகம் மேற்கே. வைகாசி, ஆனி, ஆடி முழுக்க எதிர்காற்று. பின்னால் புடைத்து நிற்கும் சாக்கில் காற்று வேறு மோதும். வெயில் ஏறினால் பூ வாடும், விலை விழும். அதனால் மெல்ல வரவும் முடியாது. வேறு யாரும் கற்றுத்தராத பாடங்களை இந்த வேலை அவருக்குக் கற்றுத் தந்திருந்தது. கீழே குனிந்தால் மிதி இலகுவாகிறது, முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போனால் அதன் மறைவில் கால் ஆறுகிறது, தனியாக மிதிக்கிறவனுக்கும் மறைவில் மிதிக்கிறவனுக்கும் வீடு சேரும்போது உடம்பு ஒன்றாக இருப்பதில்லை. இவற்றையெல்லாம் உடம்பாலேயே அறிந்தவர்.

எங்களில் எவனிடமும் பந்தய சைக்கிள் கிடையாது. எல்லாம் வீட்டில் அப்பாவோ மாமாவோ வேலைக்குப் போய்வரும் கறுப்பு சைக்கிள்கள். 28 அங்குலச் சக்கரம், ராட் பிரேக், ஏறக்குறைய இருபது கிலோ எடை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்ததும் நான் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவேன். கேரியர், ஸ்டாண்டு, இரண்டு மட்கார்டு, செயின் கவர், டைனமோ எல்லாம் கழலும். திங்கட்கிழமை காலை அப்பா புறப்படுவதற்குள் ஒரு நட்டும் மிச்சமில்லாமல் திரும்ப மாட்டியிருக்க வேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தம். அம்மா ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையை நட்டுகளுக்கென்றே கொடுத்திருந்தாள்.

சீட்டின் உயரத்தை அண்ணன் ஒவ்வொருவனையும் உட்காரவைத்துப் பார்த்தார். மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சரியான மடிப்பு இருக்கும். ஹேண்டிலைத் திருப்பிப் போட்டுத் தாழ்த்தலாம் என்று ஒருவன் சொன்னான். ராட் பிரேக் கம்பிகள் அதற்கு இடம்தராது. முழங்கையை மடக்கிக் குனிவது ஒன்றே வழி.

பிறகு வாசகசாலை முற்றத்தில் ஒரு கணக்கு நடந்தது. பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மிதியை ஒரே ஒரு சுற்று சுற்றி சைக்கிளை உருட்டி, சக்கரம் நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளி ஐந்தரை மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருக்கும் சாதாரண சைக்கிள் ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் போகும். ஃப்ரீவீலை 16 பல்லுக்கு மாற்றினால் ஆறு மீட்டரைத் தாண்டும், ஆனால் மிதி கனக்கும். எல்லாரும் 16 வேண்டும் என்று கத்தினோம். அண்ணன் தலையாட்டவில்லை. “கெழக்க போறது எவனும் போவான்லே. திரும்பி வாறதுக்குத்தான் காலு வேணும். பதினெட்டே கெடக்கட்டும்” என்றார். சமவெளியில் மணிக்கு 26 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதிக்க வேண்டும் என்பதை அந்த முற்றத்தில் நாங்களே பெருக்கிக் கண்டுபிடித்தோம். பள்ளியில் அதுவரை செய்த எந்தக் கணக்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிச்சம் வருமுன் வெள்ளமடத்தில் கூடுவோம். முப்பந்தலுக்குப் போகும்போது ஒரு விசித்திரம் நடக்கும். காற்று முதுகுப் பக்கம் இருந்து நம் வேகமும் அதன் வேகமும் ஒன்றானால் காற்றே இல்லாமல் போய்விடும். காதில் இரைச்சல் இருக்காது. செயின் பல்லில் ஏறும் சத்தம், பக்கத்தில் வருகிறவனின் மூச்சு, தோவாளை தாண்டும்போது சட்டையோடு கூடவே வரும் பிச்சிப்பூ வாசனை. வியர்வை மட்டும் காயாமல் வழியும். முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் பக்கம் போய் சைக்கிளைத் திருப்பினால் அந்த நிமிடமே உலகம் மாறும். கண்ணில் மண் விழும், சட்டை படபடக்கும், பேசுவது பேசுகிறவனுக்கே கேட்காது.

வரிசை போடும் பாடம் அங்கேதான். முன்னவன் பின்சக்கரத்துக்கும் உன் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் போதும், ஆனால் இரண்டு சக்கரமும் பக்கம் பக்கமாக வரவே பிடாது. அவன் லேசாக ஒதுங்கினால் விழுவது நீதான். சக்கரத்தைப் பார்க்காதே, முன்னவன் இடுப்பைப் பார். வரிசைக்குள் பிரேக்கைத் தொடாதே. வேகம் கூடிவிட்டால் நெஞ்சை நிமிர்த்து, காற்றே உன்னைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடைசி விதி எனக்கு இன்றும் வியப்பு. எதிரியாக நினைத்திருந்த காற்றை அவர் பிரேக்காகப் பயன்படுத்தச் சொன்னார்.

யார் எவ்வளவு நேரம் முன்னால் நின்று காற்றை வாங்குவது என்பதில்தான் முதல் சண்டைகள் வந்தன. கையில் கடிகாரம் கட்டியவர்கள் இரண்டு பேர். அண்ணன் சாலையையே கடிகாரமாக்கினார். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எண் எழுதிய சின்னக் கற்கள் நிற்கும். ஒரு கல்லுக்கு ஒருத்தன். கல் வந்ததும் முன்னவன் இடப்பக்கம் மண் ஓரமாக ஒதுங்கி வேகத்தைத் தளர்த்துவான். மற்றவர்கள் அவனைத் தாண்டியதும் வால் பக்கம் ஒட்டிக்கொள்வான். பெரியவன் சின்னவன் பார்ப்பதில்லை. பலமானவனுக்கு இரண்டு கல்லும் இல்லை, நோஞ்சானுக்கு அரைக் கல்லும் இல்லை. இருநூறு மீட்டர் எவனாலும் முடியும் என்பது அண்ணனின் உறுதி. அணியில் வயதில் சிறிய நான் முதல்முறை முன்னால் வந்தபோது பின்னால் ஐந்து பேர் என் முதுகை நம்பிக் குனிந்திருந்தார்கள். அதுவரை வீட்டிலும் பள்ளியிலும் யாரும் எதற்கும் என்னை நம்பி இருந்ததில்லை. அந்த இருநூறு மீட்டரில் நான் வளர்ந்தேன் என்றே சொல்வேன்.

கன்னியாகுமரி சாலையில் வேறு பாடம். சுசீந்திரம், வழுக்கம்பாறை, கொட்டாரம் வழியாகப் போய்த் திரும்பும்போது காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து சாய்ந்து அடிக்கும். நேர்வரிசையில் போனால் மறைவு கிடைக்காது. முன்னவன் இடது ஓரத்தில் நிற்க, அடுத்தவன் அவனுக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால், மூன்றாமவன் இன்னும் வலப்பக்கம் என்று ஏணிப்படியாக விரிய வேண்டும். சாலை அகலம் மூன்று நான்கு பேருக்குத்தான் இடம் தரும். மற்றவர்கள் அடுத்த ஏணி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பஸ் வரத்து தொடங்குவதற்கு முன் மட்டும் இது முடியும்.

அண்ணனின் பூக்கூடைகளுக்கு மேலே, சுவரில், ஆங்கில விளையாட்டு இதழிலிருந்து கிழித்த ஒரு படம் ஒட்டியிருந்தது. கிரெக் லெமாண்ட், 1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தில் கடைசிக் கட்டமாக வெர்சேயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாக. லெமாண்ட் ஐம்பது வினாடி பின்தங்கியிருந்தார். முன்னால் நீண்ட கம்பி வைத்த ஹேண்டிலில் முழங்கைகளை ஒடுக்கிக் குனிந்து ஓட்டி, மொத்தக் கணக்கில் லாரன் பின்யோனை எட்டு வினாடியில் வென்றார். அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. வாசகசாலைச் செயலர் படித்துச் சொன்னதை மனப்பாடமாக வைத்திருந்தார். “எட்டு வினாடி. ஒருத்தன் முழங்கைய மடக்குனதுக்கு” என்பார், படத்தைத் தொட்டுக்கொண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்று இயற்பியல் புத்தகத்தில் பிற்பாடு படித்தபோது, முப்பந்தல் திருப்பம்தான் கண்முன் வந்தது.

திரும்பியதும் தின்னக் கிடைப்பவையும் அந்தக் கோடையின் பெரும்பகுதி. விரல் நீளத்துக்கு மட்டிப்பழம், நுரையோடு அக்கானி என்கிற பதனீர், எங்கள் வீட்டு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், தொட்டுக்கொள்ள சுட்ட கருவாடு. அக்கானி இறக்குகிறவர் எங்களுக்குப் பனை ஓலையைப் பட்டையாக மடித்து ஊற்றுவார். அந்த ஓலை வாசனையோடு குடித்த எதுவும் பிறகு வாய்க்கவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு, பக்கத்து ஊர்க் கோவில் கொடையை ஒட்டிப் பந்தயம். வெள்ளமடத்திலிருந்து முப்பந்தல் போய்த் திரும்ப வேண்டும், இருபது கிலோமீட்டருக்கு மேல். தனிப்பரிசு உண்டு. அணிப்பரிசும் உண்டு, அதற்கு ஓர் ஊரின் மூன்றாவது ஆள் எப்போது கோட்டைத் தொடுகிறான் என்பதே கணக்கு. இந்த ஒரு விதிக்காக அந்த விழாக் குழுவை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். தன் ஊரில் மூன்று பேரையாவது சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறவனுக்கே அங்கே மரியாதை.

விசில் ஊதியதும் மற்ற ஊர்ப் பையன்கள் பறந்தார்கள். பலரும் 16 பல் போட்டிருந்தார்கள். பின்காற்றில் அது வேலை செய்தது. தோவாளை தாண்டுவதற்குள் அவர்கள் முதுகு எங்களுக்குப் புள்ளியாகிவிட்டது. அண்ணன் ஓட்டவில்லை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பந்தயம் அது. ஆரல்வாய்மொழி ரயில் நிலையத்துக்குப் பிரியும் விலக்கில் நின்று இரண்டு கையையும் கீழே அழுத்திக் காட்டினார். அவசரம் வேண்டாம்.

முப்பந்தலில் டார் டிரம்மைச் சுற்றித் திரும்பினோம். பறந்து போனவர்கள் எதிர்காற்றில் தனித்தனியாக, ஆளுக்கு ஐம்பது அறுபது மீட்டர் இடைவெளியில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆறு பேர் வரிசை விழுந்தது. 2, 4, 6, 8. கல் வந்தால் ஒருவன் ஒதுங்குவான், அடுத்தவன் வருவான். ஒவ்வொருவராகத் தாண்டினோம். அவர்களில் ஒருவன், பணகுடிப் பக்கத்துப் பையன், தாண்டும்போது எங்கள் வாலில் ஒட்டிக்கொண்டான். எங்களில் ஒருவன் திரும்பி “விலகுலே!” என்று கத்தினான். அந்த நேரம் சரியாக அண்ணன் நின்ற விலக்கு. “வரட்டும்லே! அவனும் காத்துலதான நிக்கான், கல்லு குடு அவனுக்கு!” என்ற குரல் காற்றிலும் கேட்டது. கொடுத்தோம். அடுத்தடுத்த சுற்றுகளில் அவன் தன் கல்லை ஒரு மீட்டர் குறையாமல் இழுத்தான். கடைசிக் கிலோமீட்டரில் வேகமெடுத்துத் தனிப்பரிசில் இரண்டாம் இடம் வாங்கியதும் அவன்தான். அணிப்பரிசு எங்களுக்கு: ஒரு எவர்சில்வர் குடம், வாசகசாலையில் தண்ணீர் வைக்கப் போயிற்று. எனக்கு அதில் குடமும் பெரிதில்லை, இடமும் பெரிதில்லை. ஏழாவது ஆளாக வந்தவனையும் வரிசைக்குள் சேர்க்க இடமிருக்கும் என்று அண்ணன் அன்று காட்டியதுதான் பெரிது.

இப்போது ஆண்டுதோறும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் அரசு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரித்து, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக, இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளில். நல்ல ஏற்பாடு. தனித்தனிப் பரிசுகளோடு மூன்றாவது ஆளின் நேரத்துக்கு ஒரு பரிசும் அதில் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தனியாக ஓடிப் பழகியவன் வேகத்தை அறிவான். வரிசையில் ஓடிப் பழகியவனுக்கு அதோடு முன்னவனின் களைப்பும் பின்னவனின் பயமும் தெரியும்.

பள்ளி திறந்த பிறகும் ஆனி முழுக்க ஞாயிறுகள் தொடர்ந்தன. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாயில் வந்துவிட்டது; கன்னிப்பூப் பருவத்து நெல் நாற்று இருபுறமும் பச்சை பிடித்திருந்தது. அப்போதுதான் அணியில் ஒருவனின் அக்கா வந்தாள். தையல் வகுப்புக்குப் போய்வரும் லேடீஸ் சைக்கிள், பாவாடை தாவணி. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுச் சாலைக்கு வந்த காலம் அது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றதை எங்கள் வாசகசாலையில் பேசாதவர் இல்லை. ஆனாலும் சொந்த ஊரில் ஒருத்தி பையன்களோடு பந்தய வரிசையில் நிற்பதா என்று முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அவள் சீட்டை உயர்த்திக் கொடுத்து, செயின் பக்கம் தாவணி சிக்காதபடி இடுப்பில் சொருகிக்கொள்ளச் சொல்லி, வரிசையில் நான்காவதாக விட்டார்.

கன்னியாகுமரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கொட்டாரம் தாண்டியதும் அவள் முறை வந்தது. மருந்துவாழ்மலைப் பக்கம் காற்று சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. கல் போயிற்று. அவள் ஒதுங்கவில்லை. இன்னொரு கல்லும் போயிற்று.

“ஏ பிள்ளே, ஒரு கல்லுதான் கணக்கு! ஒதுங்கு!” என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினார்.

“மூச்சு இருக்கு அண்ணே,” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். “இன்னும் ஒண்ணு.”