நான்கு மில்லிமீட்டருக்கு ஓர் அடி

பழவேற்காட்டிலிருந்து விடுமுறைக்கு இங்கிலாந்து வந்திருந்த என் தமக்கை மகன், நான் உறுப்பினனாயிருக்கும் மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தலை நரைத்தவங்க எல்லாம் பொம்மை ரயிலைச் சுத்தி நிக்கிறாங்களே மாமா, இவங்களுக்கு வேற ஜோலியே கிடையாதா?" என்று கேட்டான். கேள்வியில் கேலி இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது. அதனாலேயே அது என்னை அதிகமாக உறுத்திற்று. நம்மவர் பலருக்கும் இதே அபிப்பிராயம் இருப்பதை நான் அறிவேனாதலால், பதிலைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த மேஜைகளின்மேல் ரயில் என்பது ஒரு வியாஜம் மாத்திரமே. திரைமறைவில் காத்திருக்கும் வண்டி, கைகாட்டி இறங்கியதும் புறப்பட்டு, ஒரு நிமிஷத்துக்குள் ஊரைக் கடந்து மறுகோடியில் மறைந்துவிடுகிறது. பார்க்க வந்தவரின் கண் தங்குவதோ, அந்த வண்டி கடந்துபோன வேலியிலும் கிணற்றடியிலும் வைக்கோற்போரிலும் தபால் பெட்டியிலுமே. மின்விசையால் நைலான் இழைகளை நிமிர்ந்து நிற்கச் செய்து புல் முளைப்பிக்கிறார்கள்; கம்பியை முறுக்கி மரம் சமைக்கிறார்கள்; பிசினை மெல்லிய படலங்களாக ஊற்றி, ஒவ்வொன்றும் இறுகும்வரை பொறுத்திருந்து, ஓடைக்கு ஆழம் தருகிறார்கள். ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது இந்நாட்டில் பெருவழக்காயுள்ள அளவு. அதன்படி ஐந்தே முக்கால் அடி மனிதன் 23 மில்லிமீட்டர்தான் இருப்பான். ஒரு சுவரின் செங்கல் வரிசை பழைய புகைப்படத்தோடு பொருந்தவில்லை என்பதற்காக, முடிந்த சுவரையே பெயர்த்தெடுத்து மறுபடி கட்டியவரை எங்கள் சங்கத்தில் எனக்குத் தெரியும். செய்முறையைக் கேட்டவருக்கெல்லாம் ஒளிவில்லாமல் சொல்லிக்கொடுப்பதை இவர்கள் ஒரு தர்மமாகவே அனுஷ்டிக்கிறார்கள். லண்டனில் 1910-ல் தோன்றிய மாதிரி ரயில் சங்கம் இன்றும் இயங்கிவருகிறது. அதன் உறுப்பினர்கள், கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கேயுள்ள தெருக்களை, இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இருந்தவாறே கட்டத் தொடங்கியது 1980-களில். பல வருஷங்கள் கழிந்த பின்னும் அவர்கள் அந்த வேலையைக் கைவிடவில்லை.

ஆனாலும் என் அபிமானமெல்லாம் ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே, லாங் விட்டன்ஹாம் கிராமத்திலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்தின்மேல்தான். அதை நிறுவிய ராய் இங்லண்ட் என்பவர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். என்னைப் போலவே கடல் கடந்து இங்கே குடியேறியவர். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என வழங்கும் பிரதேசத்தின் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி மறைவதைக் கண்ட அவர், அவற்றைக் காப்பாற்றத் தமக்குச் சக்தியில்லையாயினும் அளந்து குறித்துக்கொள்ளவும் அதே விகிதத்தில் செய்துவைக்கவும் தம்மால் முடியும் என்று சங்கற்பித்து, 1954-ல் அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கி, தம் ஆயுளையே அதற்கு அர்ப்பணித்தார். அட்டையும் நீர்வர்ணமுமே அவ்வீடுகளின் மூலப்பொருள். ஆனால் கொல்லையில் நிற்கும் முட்டைக்கோசு கூடத் தனித்தனியாகச் செய்து நடப்பட்டிருக்கிறது. 1995-ல் அவர் காலமான பின்னும் தொண்டர்கள் அந்தப் பள்ளத்தாக்கைத் தொடர்ந்து செய்துவருகிறார்கள். பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழகிப்போயிருந்த காட்சியின் அருமை, புதிதாய் வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது. வந்தவன் கண்ணுக்குத் தெரிவது போனவன் கண்ணுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

அந்த நம்பிக்கையில்தான் பழவேற்காட்டு ஏரியிலுள்ள எங்கள் பசியாவரத்தைச் செய்ய முற்பட்டேன். கூடூருக்குப் போகும் ரயில் பாதை பொன்னேரியைத் தொட்டுக்கொண்டு, எங்கள் ஏரியின் பக்கம் திரும்பாமலே வடக்கே போய்விடுகிறது. ஆயினும் இல்லாத பாதையைக் கற்பித்துக்கொள்ள இக்கலையில் அனுமதி உண்டு; பெண்டனில் போற்றிக் காக்கப்படும் ஜான் அஹெர்னின் மேடர் பள்ளத்தாக்கு ரயிலே முழுக்கக் கற்பனைதான். ஆகவே பொன்னேரியிலிருந்து ஏரிக்கரைக்கு மீன் ஏற்ற வரும் சிறிய கிளைப்பாதை ஒன்றையும், அக்கரையில் என் பிராயத்தில் நான் கண்ட ஊரையும் செய்யத் தொடங்கினேன். பாதையில் கற்பனைக்கு இடமுண்டு, ஊரில் இல்லை. இருபத்துநான்கு அடிப் படகு 96 மில்லிமீட்டர்; நாங்கள் குனிந்து நுழைந்த ஐந்தடி வாசல் 20 மில்லிமீட்டர்; சராசரி ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு 13 மில்லிமீட்டர் பிசின் போதும். ஆங்கிலேயக் கூரைக்குரிய வழவழப்பு எங்கள் கூரைக்கு ஒத்துவரவில்லை. ஓலை நுனிகள் சிலுப்பிக்கொண்டு நிற்கவேண்டும், காற்றுக்குப் பறக்காதபடி மேலே பழைய வலை போர்த்தியிருக்கவேண்டும். அந்த வலைக்கு, பெண்கள் அணியும் மெல்லிய காலுறையைக் கத்தரித்துச் சாயமேற்றிப் பயன்படுத்தினேன். கடையில் விற்கும் உருவங்களில் பாதிரியார் உண்டு, போர்ட்டர் உண்டு, பசுமாடு உண்டு. கழுத்தளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண் எந்தக் கடையிலும் இல்லை. கம்பியையும் களிமண்ணையும் கொண்டு அவளை நானே செய்தேன்.

நம் நாட்டில் கைத்திறமைக்குப் பஞ்சமில்லை என்பதை இங்குள்ளோரிடம் நான் ஓயாமல் வாதாடுவதுண்டு. நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் மணல் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் 'பார்க்' கட்டும் பிள்ளைகள் எந்த ஆங்கிலேயருக்கும் குறைந்தவர்களல்லர். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் சிமிழைக் கொண்டுவந்து எங்கள் சங்கத்தில் காட்டினேன். பெரிய நிபுணர்களும் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். புனேயில் ஜோஷி என்பவர், தம் சொந்த சிரத்தையினால் வளர்த்த சிறு ரயில் உலகத்தை 1998-ல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். எதைச் செய்துவைக்கத் தகுந்ததென்று மதிக்கிறோம் என்பதில்தான் நமக்குக் குறை. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் துறைதோறும் மாதிரிகள் வைப்பார்கள்: அணைக்கட்டு, மின் நிலையம், மேம்பாலம். ஏவூர்தி மாதிரிக்கு எங்கும் கூட்டம் கூடும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வருவதற்காக இடம்பெயர்ந்த மீனவர்களின் வீடு ஒன்றை எந்த அரங்கிலும் நான் கண்டதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவைப் பற்றி ஊரில் இத்தனை வருஷமாக விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் எங்கள் குப்பங்கள் வரைபடத்துப் புள்ளிகளாகவே பேசப்படுகின்றன. ஆங்கிலேயர் போனதற்கு மாதிரி செய்கிறார்கள். நாம் வரப்போவதற்கு மட்டுமே செய்கிறோம்.

இதனால் ஆங்கிலேயரின் ஞாபகம் குறைவற்றதென்று எவரும் எண்ணவேண்டாம். பக்கிங்ஹாம் கோமகன் ஒருவர், 1853 முதல் 1861 வரை லண்டன் வடமேற்கு ரயில்வே கம்பெனியின் தலைவராயிருந்தவர், 1871-ல் தம் ஜமீனில் சிறியதொரு டிராம் பாதை போட்டார். 1935-ல் மூடப்பட்ட அப்பாதையின்மேல் இங்குள்ள ரயில் அபிமானிகளுக்குத் தீராத காதல். அதை மாதிரியாகச் செய்து மகிழ்ந்தவர் உண்டு. அதே கோமகன்தான் 1875-ல் சென்னை ராஜதானிக்குக் கவர்னராக வந்தார். 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க வயிறொட்டிய ஜனங்கள் கூலிக்கு மண் வெட்டினார்கள்; பழவேற்காட்டு ஏரியினூடே போகும் கால்வாய் முழுவதற்கும் அவர் பெயரே நிலைத்தது. அவருடைய டிராம் பெட்டியின் ஆணி ஒன்றையும் விடாமல் செய்யத் தெரிந்த கைகள், அவர் காலத்தில் மண் கூடை சுமந்த ஒருத்தியையும் செய்ததில்லை. அவளைச் செய்ய வேண்டியவர்கள் நாம். அவளுக்கும் 20 மில்லிமீட்டர் உயரமே வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்நாட்டார் தங்கள் கிளைப்பாதைகளை இழந்துவிட்டே அவற்றுக்காக உருகுகிறார்கள். 1963-ல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொல்லிற்று. அவற்றுள் பெரும்பான்மையானவை மூடப்பட்டன. இன்று சனிக்கிழமைதோறும் பள்ளி மண்டபங்களில் ஓடுவன பெரும்பாலும் அப்படிச் செத்த பாதைகளே. எங்கள் ஏரியோ இன்னும் உயிரோடிருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் சுத்து வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் இன்னும் நடைபெறுகிறது. அந்த ஒழுங்கின் சூட்சுமத்தை எங்கள் சங்கத்தாருக்கு விளக்கியபோது, மாதிரி ரயிலுக்குக் கூட நிமிஷக் கணக்கில் கால அட்டவணை எழுதும் அவர்கள், ஒரு ஏரியை இவ்வளவு நியாயமாகப் பங்கிட முடியுமா என்று வியந்தார்கள். பாட்டில் இடமில்லாத ஜனங்களும் அதே ஏரியை நம்பிப் பிழைக்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை. உயிருள்ள ஊருக்கு மாதிரி ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் முகத்துவாரம் தூர்ந்து, இறால் குறைந்து, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஓலை வீடுகளும் அருகிவிட்ட நிலையில், கண்டவர்கள் கண்ணோடு இருக்கும்போதே அளந்துகொள்வதுதான் விவேகம். பெண்டனில் பாதி வேலை, போனதை ஊகிப்பதிலேயே கழிகிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இன்னும் வரவில்லை.

ஆகவே என் மருமகனுக்கும், பொன்னேரியிலும் பழவேற்காட்டிலும் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். எஞ்சியிருக்கும் ஓலை வீடு ஒன்றை, வாசல், திண்ணை, கூரைச் சரிவு எதையும் விடாமல் பிள்ளைகளை விட்டு அளக்கச் செய்யுங்கள். ஏரியில் வலைக்கோல் நடும் இடங்களைப் பாடு அறிந்த பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இருளர் பெண்களிடம் கேட்டு, அவர்கள் இறங்கும் கரைகளையும் அதே குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் வைத்து, ஒரு மேஜையளவு பலகையில் தொடங்குங்கள். ரயில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. செய்ததை எனக்கு அனுப்பவேண்டாம், சென்னைக்கும் அனுப்பவேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே, எல்லோரும் தொட்டுப் பார்க்கும்படி வையுங்கள்.