இரண்டு ரெக்கார்டுகள்

‘ரெக்கார்டு’ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ப்ராக்டிகலுக்கு முதல் நாள் ராத்திரி, விடுதி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதித் தள்ளுவோமே, அதுதானே? எனக்கும் அப்படித்தான். அப்படி எழுதிய ஒரு ரெக்கார்டால் நான் பட்ட அவமானத்தையும், லண்டனில் வெட்டப்பட்ட வேறொரு ரெக்கார்டு எனக்குப் புத்தி சொன்னதையும் எழுதத்தான் இந்தக் கட்டுரை.

மூன்றாம் செமஸ்டர். ஆர்.சி. கப்புள்டு ஆம்ப்ளிஃபையர். ரீடிங் எல்லாம் சீனியர் புண்ணியம். செமி-லாக் ஷீட்டில் கிராஃப் அழகாக வந்திருந்தது. எக்ஸ்டர்னல் அதன் இடது ஓரத்தில் விரலை வைத்து, “லோ ஃப்ரீக்வென்சியில கெயின் ஏன் தம்பி குறையுது?” என்றார். “சார்... அது அப்படித்தான் சார் வரும்” என்றேன். பக்கத்து டேபிள்காரன் சிரித்தே விட்டான். விளைவு, ப்ராக்டிகலில் அரியர்!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். வீட்டில் மூச்சு விடவில்லை. அப்பா மைக்செட் வைத்திருக்கிறார். விழா முடிந்து வந்த பெட்டிகளை ஷெட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து, நண்பன் ஒருவன் சொன்ன இசையைப் போனில் போட்டேன். ‘டப்ஸ்டெப்’ என்ற வகை. ஸ்க்ரீம் என்பவர் 2005-ல் டெம்பா நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’. டிக் டிக் என்று தாளம், மேலே ஒரு சின்ன மெட்டு. அவ்வளவுதான். இதுக்கா இத்தனை பேச்சு என்று நினைத்தேன்.

“போன்ல என்னடா தெரியும்? அடிச் சத்தத்துக்குப் பெட்டி வேணும்” என்று அப்பா ஒயரை எடுத்து பேஸ் பெட்டியில் மாட்டினார். தகர ஷெட் கிடுகிடுத்தது! ஆணியில் தொங்கிய ஒயர் சுருள்கள் ஆடின. தாளத்துக்குக் கீழே இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. அது போனிலும் இருந்ததுதான். போனுக்குத்தான் அதைச் சொல்ல வாயில்லை. 40 சைக்கிள் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். நகமளவு ஸ்பீக்கர் அதற்கு எவ்வளவு காற்றைத் தள்ளிவிட முடியும்?

அப்பா ஒன்றும் அறியாதவராகக் கேட்டார்: “அடிச் சத்தம் மட்டும் ஏண்டா இப்படி அடிபட்டுப் போகுது? நீதான் படிக்கிற பிள்ளையாச்சே, சொல்லு.”

அதே கேள்வி! இந்தத் தடவை ‘அப்படித்தான் வரும்’ என்று சொல்ல வாய் வரவில்லை. அரியர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அப்பா திட்டவில்லை. “தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு” என்றார். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தேடிப் படித்தேன். ஸ்க்ரீம் தென் லண்டன் பக்கத்து க்ராய்டன் பையன். 1986-ல் பிறந்தவர், அந்த ரெக்கார்டு வந்தபோது நம் வயசுதான்! க்ராய்டன் சர்ரே தெருவில் ‘பிக் ஆப்பிள்’ என்ற ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவர். பதினைந்து வயசிலேயே வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ வைத்து இசை செய்யத் தொடங்கியவர். நிமிஷத்துக்குச் சுமார் 140 அடி. ஆனால் காதுக்குப் பாதி வேகமாகத்தான் படும். மீதி இடமெல்லாம் பேஸுக்கு.

அவர்கள் வேலை செய்த விதம்தான் என்னை உலுக்கியது. புதுப் பாட்டு தயாரானதும் நேரே கடைக்கு அனுப்புவதில்லை. லேக்கர் பூசிய தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டுவார்கள். அதற்கு ‘டப்பிளேட்’ என்று பெயர். ஓட்ட ஓட்டத் தேய்ந்துபோகும் தட்டு. அதை க்ளப்பின் பெரிய பெட்டிகளில் போட்டுக் கேட்பார்கள். பேஸ் சரியாக உட்காரவில்லையா? வீட்டுக்குப் போய்த் திருத்திவிட்டு மறுபடி வெட்டுவார்கள். சொந்தக் காதால் எடுத்த ரீடிங் அது!

தட்டு வெட்டுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. பேஸ் கூடினால் பள்ளம் அகலமாக வளைந்து இடத்தைத் தின்னும். இடது, வலது பேஸ் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால் ஊசி மேலும் கீழும் குதிக்கும். அதனால் பேஸை நடுவில் வைக்கிறார்கள். வெட்டும்போது பேஸை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். 50 சைக்கிளில் ஏறக்குறைய 17 டெசிபெல். போட்டுக் கேட்கும்போது ப்ரீ-ஆம்ப் அதே அளவைத் திருப்பிக் கொடுக்கிறது. 1954 முதல் இருக்கும் அளவு இது.

அவர்கள் காரணம் தெரிந்து குறைக்கிறார்கள். நானோ காரணம் தெரியாமல் குறைந்த கிராஃபை வரைந்தேன்!

லீவு முடிந்ததும் லேபில் கெஞ்சி அனுமதி வாங்கி, அந்த ஆம்ப்ளிஃபையரை நானே கட்டினேன். ஃப்ரீக்வென்சி குறையக் குறைய கப்ளிங் கெப்பாசிட்டரின் ரியாக்டன்ஸ் ஏறுகிறது. சிக்னலை வழியிலேயே மறிக்கிறது. பெரிய கெப்பாசிட்டர் மாற்றினேன். இடது ஓரம் நிமிர்ந்தது. கிராஃப் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை புள்ளியும் என்னுடையது.

அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் செய்து விளக்கினேன். “அப்ப போன்ல கேக்காததுக்கும் இதுதான் காரணமா?” என்றார். “இல்லப்பா, அது ஸ்பீக்கர் சின்னதா இருக்கறதால. இது சர்க்யூட்டுக்குள்ள நடக்கறது” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “ம்... இப்பத்தான் படிக்கிற பிள்ளை மாதிரி பேசுற” என்றார்.

அரியர் ரிசல்ட் இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை வரவில்லை. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். தோழர்களே, அடுத்த தடவை ரெக்கார்டு எழுத உட்காரும்போது ஒரு ரீடிங்காவது நீங்களே எடுத்துப் பாருங்கள். அடிச் சத்தம் அதில்தான் இருக்கிறது!

— இரண்டாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை