ஜூன் 12

பி.காம் படித்தவர்களுக்குப் புள்ளியியல் பேப்பர் ஒன்று உண்டு. சராசரி, திட்ட விலக்கம், நகரும் சராசரி என்று கணக்குப் போட்டு, மார்க் வாங்கி, மறுநாளே மறந்துவிடுவோம். பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு எனக்கு அதை மறுபடி ஞாபகப்படுத்தியது கடலூர் மாவட்டம்.

2015 நவம்பரில் அந்த மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருடமே வறட்சி. சும்மா வறட்சி இல்லை... வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 440 மி.மீ. மழை வர வேண்டும். 2016-ல் வந்தது 168. அதாவது 62 சதவீதம் குறைவு. 1876-க்குப் பிறகு இவ்வளவு மோசமான பருவம் இல்லை. 1876 என்றால் எது தெரியுமா? நம் பாட்டிகள் கதை கதையாகச் சொன்ன தாது வருஷப் பஞ்சம்!

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2015-ல் மாநிலத்துக்கு அதே பருவமழை ஐம்பது சதவீதத்துக்கு மேல் அதிகம். இரண்டு வருடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால், ஏழு சதவீதம்கூடக் குறைவு வராது. வானிலைத் துறை கணக்கில் 19 சதவீதம் வரை குறைந்தாலும் 'இயல்பு'தான். முதல் வருடம் மூழ்கி, மறு வருடம் காய்ந்தவனிடம் போய், 'சராசரியாக நீ நன்றாகத்தான் இருக்கிறாய்' என்று சொல்லிப் பாருங்கள். ஓட ஓட விரட்டுவான்.

காட்டுமன்னார்கோவில் பக்கம் விவசாயம் பார்க்கிற சித்தப்பாவிடம், ''உங்க பக்கம் வருஷா வருஷம் மழை குறைஞ்சுக்கிட்டே வருதா?'' என்று கேட்டேன். பல வருட மழைக்கணக்கைக் கையில் வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

''மழை கெடக்கட்டும் தம்பி. மேட்டூரை எப்பத் தொறந்தாங்கன்னு எழுதி வெச்சிருக்கியா?''

அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரே மாவட்டம், ஆனால் வறட்சி இரண்டு விதம். விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்து மானாவாரி நிலத்துக்கு வானம்தான் கதி. அங்கே மழைமானி சொல்வது ஓரளவு செல்லும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, வடவாறு பிடித்து வீராணத்தில் நிறைய வேண்டும். இன்னொரு பங்கு வடக்கு ராஜன் வாய்க்காலில் போக வேண்டும். அங்கே வறட்சி தொடங்குகிற இடம் மேட்டூர். கடலூர் மழைமானியில் அது எப்படித் தெரியும்?

மேட்டூரைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. சித்தப்பா கேட்டாரே என்று பட்டியல் எடுத்தேன். 2012-ல் செப்டம்பர் 17. அடுத்து வரிசையாக ஆகஸ்ட் 2, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 9. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி! பிறகு ஜூலை 19, ஆகஸ்ட் 13. எட்டு வருடம் தொடர்ந்து ஒரு ஜூன் 12-கூட இல்லை. 2020-ல்தான் மறுபடி அந்தத் தேதி வந்தது.

நடுவில் இருக்கிற அந்த ஆகஸ்ட் 9-ஐக் கவனித்தீர்களா? அதுதான் 2015. மழைக்கணக்கில் உபரி எழுதிய அதே வருடம். போர் வைத்திருந்தவர் குறுவை போட்டார். இல்லாதவர் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு நவம்பரில் எல்லாருக்கும் சேர்த்து வெள்ளம்.

தேதியை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 2023-ல் ஜூன் 12 அன்று டாணென்று திறந்தார்கள், அக்டோபர் 10-ல் மூடிவிட்டார்கள். சம்பா பயிர் தண்ணீருக்குத் தவித்தது. 2021 ஜனவரியிலோ அறுவடைக்கு நின்ற நெல்லின் மேல் கொட்டித் தீர்த்தது. பயிரைக் கெடுத்த அந்த மழையும் அந்த வருடக் கணக்கில் வரவுப் பக்கம்தான் ஏறும்!

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தபோது, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். ஆனால் 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கு காட்ட வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்த எண் எழுதப்படுகிறது என்பதில்தான் ஒரு வீட்டின் காலேஜ் ஃபீஸும் அடகு நகையும் இருக்கின்றன.

மேட்டூர் திறக்கிற தேதியை எல்லாப் பேப்பரிலும் போடுகிறார்கள். கடைசி வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி? என் கையிலிருந்த எந்தத் தாளிலும் அதற்கு ஒரு பத்தி இல்லை. சித்தப்பா வீட்டு மாதக் காலண்டரில் மட்டும் 'தண்ணி வந்தது' என்று பேனாவால் எழுதியிருந்தது. ஆர்வமாகப் பழைய காலண்டர்களைக் கேட்டேன்.

''அதெல்லாம் அப்பப்போ புள்ளைங்க நோட்டுக்கு அட்டை போட்டாச்சுப்பா'' என்றார் சித்தி.